துடிப்பு நின்றபின் முதல் பத்து நிமிடங்கள்

இதயத்துடிப்பு நிறுத்தமும் துடிப்புக் கோளாறுகளும்: வீட்டில் செய்ய வேண்டியவை, அவசரப் பிரிவில் நடப்பவை

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணி. தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்துகொண்டிருந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர், பேச்சின் நடுவே சாய்கிறார். தறிச் சத்தம் நிற்கிறது. அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வருகிறார். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், உள்ளங்காலைத் தேய்க்கிறார்கள், ஒருவர் சோடா வாங்க ஓடுகிறார். விழுந்தவரின் வாய் திறந்திருக்கிறது. நீண்ட இடைவெளி விட்டுவிட்டு, குறட்டை போன்ற ஒரு மூச்சு வருகிறது. “மேல்மூச்சு வாங்குகிறது” என்கிறார் வீட்டுப் பெரியவர். யாரோ ஒருவர் பால் எடுத்துவரச் சொல்கிறார்.

நம் ஊர் வீடுகளில் இக்காட்சி புதிதன்று. ஆனால் படுக்கையில் பல நாள் நோயுற்றிருந்து விடைபெறுபவரின் மேல்மூச்சும், நின்ற நிலையில் திடீரென விழுந்தவரின் மேல்மூச்சும் ஒன்றல்ல. இரண்டாமவரின் இதயம் நின்ற பிறகும் மூளையின் அடித்தண்டில் எஞ்சியிருக்கும் உயிர்ப்பே அந்த மூச்சாக வெளிப்படுகிறது. அவரை மீட்பதற்கு இன்னும் சில நிமிடங்கள் உள்ளன என்பதே அதன் பொருள். அந்நேரத்தில் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால், அது மூச்சுக்குழலுக்குள் சென்று இருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும். அவருக்குத் தேவைப்படுவது மார்பின் மீது அழுத்தும் இரண்டு கைகள்.

மாரடைப்பும் இதயத்துடிப்பு நிறுத்தமும்

இவ்விரு சொற்களையும் பலர் ஒரே பொருளில் வழங்குகின்றனர். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. இது குழாயில் நேரும் கோளாறு. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், வியர்ப்பார், பேசுவார். இதயத்துடிப்பு நிறுத்தம் என்பது, இதயம் இரத்தத்தை வெளியேற்றுவதை முற்றிலும் நிறுத்திவிடும் நிலை. அவர் சில நொடிகளில் நினைவிழப்பார், நாடி இராது.

முதலாவது இரண்டாவதற்கு இட்டுச் செல்லக்கூடும். 2021 ஏப்ரல் 16 காலையில் நடிகர் விவேக் சென்னையில் தம் வீட்டில் மயங்கி விழுந்தார். இதயத்தின் முக்கியக் குழாயில் அடைப்பு இருப்பது கண்டறியப்பட்டு, அது நீக்கப்பட்டு, எக்மோ கருவியும் பொருத்தப்பட்டது. இருந்தும் மறுநாள் அதிகாலையில், 59 வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தார். அவருடைய இதயமும் நின்றது. அங்கேயே மார்பு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் அளிக்கப்பட்டன. அவர் பிழைத்தார், உடலுக்குள் ஒரு கருவி பொருத்தப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் விளையாடினார்.

இவ்விருவரின் நோயும் வேறு வேறு. ஒப்பிட்டு எவரையும் குறை கூற இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு: இதயம் நின்றபின் எதுவும் செய்யப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. காஞ்சிபுரத்தின் எந்தத் தெருவிலிருந்தும் எந்த மருத்துவமனைக்கும் நான்கு நிமிடத்தில் வந்துசேர்வது அரிது. ஆகவே சிகிச்சை வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

இதயத்தின் மின்சாரம்

இதயத்தின் வலப்புற மேலறையில் ஒரு சிறு திசுப்பகுதி மின்துடிப்புகளை உண்டாக்குகிறது. அத்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு முடிச்சில் நொடிப்பொழுது தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை இது நிகழ்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்புகள்.

இந்த ஒழுங்கு கெடும்போது துடிப்புக் கோளாறு உண்டாகிறது. அவற்றுள் மிகக் கொடியது கீழறைகளின் நடுக்கம். தசை நார்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்க, இதயம் முழுவதும் புழுக்கூட்டம்போல் நெளியும். ஒரு துளி இரத்தமும் வெளியேறாது. இந்நடுக்கத்தை நிறுத்தவே மின்னதிர்ச்சி அளிக்கப்படுகிறது. அது எல்லா நார்களையும் ஒரே கணத்தில் அடக்கிவிடும். பின்னர் இதயத்தின் இயல்பான துடிப்பகம் மீண்டும் பொறுப்பேற்க வழி பிறக்கும்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். திரைப்படங்களில் இ.சி.ஜி. கோடு நேராகப் போனவுடன் மின்னதிர்ச்சி கொடுப்பதைக் காண்கிறோம். உண்மையில் நேர்க்கோடு என்பது மின்செயலே இல்லாத நிலை. அதில் அடக்குவதற்கு நடுக்கம் எதுவும் இல்லை, மின்னதிர்ச்சியால் பயனில்லை. அந்நோயாளிக்கு மார்பு அழுத்தமும், மருந்தும், காரணத்தைத் தேடிச் சரிசெய்வதுமே சிகிச்சை. “ஏன் ஷாக் கொடுக்கவில்லை?” என்று உறவினர்கள் வருந்திக் கேட்பதுண்டு. அதற்கு விடை இதுவே.

108 வருவதற்குள்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அழைக்கும்போது “விழுந்துவிட்டார், நினைவில்லை, மூச்சு சரியாக இல்லை” என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். பிறகு தெருப்பெயரையும், அருகிலுள்ள கோயில், பள்ளி, கடை போன்ற அடையாளத்தையும் சொல்லுங்கள். தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். 2019-இல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாள்களிலும் நம் ஊர்த் தெருக்கள் எப்படி இருந்தன என்பதை மறந்திருக்க மாட்டோம். வைகாசியில் கருட சேவை நாளிலும் அதே நிலைதான். திருவிழாக் காலத்தில் வண்டி எந்த வழியாக வர முடியும் என்று கூறுவதும் உதவியே.

ஒருவர் அழைக்கும்போதே மற்றவர் தொடங்க வேண்டும். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சில்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு மட்டுமே உள்ளது என்றால், இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள். நாடியைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். மின்சாரம் தாக்கி விழுந்தவராயின், மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே அவரைத் தொட வேண்டும்.

அவரைத் தரையில் மல்லாந்து கிடத்துங்கள். தறிக்குழியில் சாய்ந்தவரைத் தூக்கி வெளியே கிடத்த வேண்டும். மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். பக்கத்தில் முழந்தாளிட்டு, மார்பு நடுவெலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றொரு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல், உங்கள் உடல் எடை இறங்கும்படி அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் குறையக் கூடாது, 6 செ.மீ. தாண்டவும் வேண்டாம். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. ஒவ்வொரு அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விடுங்கள். இதயத்தில் இரத்தம் நிரம்புவது அப்போதுதான்.

இது களைப்பூட்டும் வேலை. இரண்டு நிமிடத்தில் கை தளரும். ஆழம் குறைவது செய்பவருக்கே தெரியாது. ஆகவே இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கோர்வைச் சேலைக்குக் கரையை வாங்கிக் கொடுக்கத் துணையாள் பக்கத்தில் இருப்பதுபோல, மாற்றுபவர் முன்பே அருகில் ஆயத்தமாக அமர்ந்திருக்கட்டும். இடைவெளி சில நொடிகளுக்கு மேல் போகக் கூடாது.

வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியவில்லையே என்ற தயக்கம் வேண்டாம். இந்தியாவின் மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சி பெறாத பொதுமக்கள் மார்பு அழுத்தம் மட்டுமே செய்தால் போதும் என்கிறது. ஏரியிலோ, குளத்திலோ, கிணற்றிலோ மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சுக் கொடுப்பது கூடுதல் முக்கியமானது. இதற்குப் பயிற்சி பெறுவது நல்லது. தெரியாத நிலையில் அழுத்தம் மட்டுமாவது தரவேண்டும்.

“விலா எலும்பு முறிந்துவிட்டால்?” என்பது பலருடைய அச்சம். முதியவர்களுக்குச் சில நேரம் முறியத்தான் செய்யும். முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். நினைவிருப்பவர் என்றால் கையைத் தட்டிவிடுவார், அப்போது நிறுத்திவிடலாம். தவறாகச் செய்துவிடுவோமோ என்று எதுவும் செய்யாமல் நிற்பதுதான் பெரிய இழப்பு.

1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர் மார்பை வெளியிலிருந்து அழுத்தியே இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று வெளியிட்டனர். அதற்கு முன் மருத்துவர்கள் மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைய வேண்டியிருந்தது. அறுவை அரங்கில் மட்டுமே இயன்ற ஒன்று அன்றுமுதல் வீட்டுத் தரையிலும் இயல்வதாயிற்று.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்

நோயாளி அவசரப் பிரிவுக்குள் சென்றதும் கதவு மூடப்படுகிறது. வெளியே நிற்பவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகம். உள்ளே நடப்பதை அறிந்திருந்தால் அச்சம் சற்றுக் குறையும்.

ஒருவர் அழுத்தத்தைத் தொடர்கிறார். ஒருவர் முகமூடிப் பையால் உயிர்வளி செலுத்துகிறார். தேவைப்பட்டால் மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தப்படும். ஒருவர் நரம்பில் ஊசிவழி அமைக்கிறார். மற்றொருவர் நேரத்தையும் மருந்தையும் குறித்துக்கொண்டே வருகிறார். மார்பில் ஒட்டிய பட்டைகள் வழியே துடிப்பின் வகை திரையில் தெரிகிறது. நடுக்கமாக இருப்பின், அனைவரும் விலகி நின்று மின்னதிர்ச்சி அளிக்கின்றனர். அதன் பயனைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. உடனே மீண்டும் அழுத்தம். இரண்டு நிமிடம் கழித்தே திரையைப் பார்க்கின்றனர். மூன்று முதல் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அட்ரினலின் 1 மி.கி. செலுத்தப்படுகிறது. மின்னதிர்ச்சிக்குப் பின்னும் நடுக்கம் அடங்காவிட்டால் அமியோடரோன் சேர்க்கப்படுகிறது.

இதற்கிடையே, “இதயம் ஏன் நின்றது?” என்ற கேள்விக்கு விடை தேடப்படுகிறது. உயிர்வளிக் குறைவு, மிகுந்த இரத்த இழப்பு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுதல், இதய உறையில் நீர் தேங்குதல், நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைதல், இரத்தக் கட்டி, நச்சு ஆகியவை திருத்தக்கூடிய காரணங்கள். காரணம் திருத்தப்படாமல் துடிப்பு நிலைக்காது.

இங்கேதான் குடும்பத்தினரின் சொல் மருந்துக்கு நிகராகிறது. டயாலிசிஸ் செய்பவர் ஒரு முறை தவறவிட்டார் என்பதையோ, வெயிலுக்கு இளநீர் குடித்துவந்தார் என்பதையோ நீங்கள் சொன்னால், மருத்துவர் பொட்டாசியத்தை ஐயுற்று, முடிவு வருவதற்கு முன்பே கால்சியம் ஊசி செலுத்துவார். அவ்வாறே, பூச்சிமருந்தோ நச்சு விதையோ உட்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மறைக்காதீர்கள். இதயத் துடிப்பை நேரடியாகக் குலைக்கும் நஞ்சுகள் நம் ஊர்ப்புறங்களில் உள்ளன. அவற்றுக்குரிய சிகிச்சையே வேறு. மானம், வழக்கு என்ற தயக்கத்தில் கழியும் நேரம் உயிரைக் கேட்கும். மனம் சோர்ந்திருப்பவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

துடிப்பு நிற்காமல் தடுமாறும்போது

எல்லாத் துடிப்புக் கோளாறும் உயிரைப் பறிப்பதில்லை. இளம்பெண் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, நிமிடத்திற்கு 180 என்று நாடி ஓடும். நாடி ஒழுங்காகவே இருக்கும். இது மேலறை சார்ந்த மிகைத்துடிப்பாக இருக்கலாம். மருத்துவர் முதலில் ஊசிக்குழலின் முனையில் வாயை வைத்துப் பதினைந்து நொடி பலமாக ஊதச் சொல்லி, உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்துவார். சிலருக்கு இதிலேயே துடிப்பு அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடினோசின் ஊசி. அது செலுத்தப்பட்டதும் சில நொடிகள் நெஞ்சு இறுகும். உயிர் போய்விடும் என்ற அச்சம் தோன்றும். மருந்து விரைவில் கரைந்துவிடுவதால் அந்த உணர்வும் உடனே மறையும். நோயாளிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம்.

நாடி எந்தக் கணக்கிலும் அடங்காமல் தாறுமாறாக ஓடினால், அது மேலறை நடுக்கமாக இருக்கலாம். முதியவர்களிடமும், சிறுவயதில் கீல்வாதக் காய்ச்சல் வந்து வால்வு பாதிக்கப்பட்டவர்களிடமும் இது மிகுதி. இதில் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும் இடர் உண்டு. எனவேதான் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவர் வலியுறுத்துகிறார். படபடப்பு நின்றுவிட்டதே என்று அதை நிறுத்தக் கூடாது.

துடிப்பு மிகக் குறைந்து தலைசுற்றலும் மயக்கமும் வந்தால் அட்ரோப்பின் ஊசியும், தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கரும் தரப்படும். துடிப்பு மிகையாகி இரத்த அழுத்தம் வீழ்ந்தால், உறங்க வைத்து, துடிப்போடு இசையும்படி மின்னதிர்ச்சி அளிக்கப்படும். மார்பில் கருவி வைப்பதைக் கண்டு “இதயம் நின்றுவிட்டது” என்று கலங்க வேண்டியதில்லை. நிற்காமல் காப்பதற்கே அது.

காத்திருப்பவர்களிடம் சில சொற்கள்

துடிப்பு திரும்பியது என்ற செய்தி, போரின் முதற்பாதி முடிந்தது என்பதையே குறிக்கும். மாரடைப்பின் அடையாளம் இருந்தால் குழாய் அடைப்பை நீக்க அழைத்துச் செல்வார்கள். காய்ச்சல் ஏறாமல் உடல் வெப்பம் கட்டுப்படுத்தப்படும். நோயாளி செயற்கை மூச்சுக் கருவியில், உறக்க மருந்தில் இருப்பார். “எப்போது கண் விழிப்பார்?” என்பதற்கு முதல் நாளில் விடை சொல்ல இயலாது. மூளையின் மீட்சியைக் கணிக்கப் பொதுவாக 72 மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். மருத்துவர் உறுதியாகக் கூறாதது அக்கறையின்மையால் அன்று.

எல்லா முயற்சியும் செய்தபின்னும் இதயம் திரும்பாத வேளைகள் உண்டு. முயற்சியை நிறுத்தும் முடிவு கடிகாரத்தை மட்டும் பார்த்து எடுக்கப்படுவதில்லை. துடிப்பின் வகை, இதயம் நின்றது முதல் கழிந்த நேரம், திருத்தக்கூடிய காரணம் எஞ்சியுள்ளதா என்பவற்றைக் குழுவினர் சேர்ந்து ஆராய்வர். நீங்கள் வீட்டில் மார்பை அழுத்தியிருந்தும் அவர் பிழைக்காமல் போயிருக்கலாம். உங்கள் கைகள் தவறு செய்யவில்லை. அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே வாய்ப்பை நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

வீடு திரும்பியபின்

பிழைத்து வீடு திரும்புபவர்களுள் சிலருக்கு, தோள்பட்டைக்குக் கீழே தோலடியில் ஒரு சிறு கருவி பொருத்தப்படும். கீழறை நடுக்கம் மீண்டும் வந்தால் அது தானாகவே உள்ளிருந்து மின்னதிர்ச்சி தரும். அதன் அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். அதிர்ச்சி ஒருமுறை தந்து நலமாக உணர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்; அடுத்தடுத்துத் தந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. அமியோடரோன் எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

வருமுன் காக்கும் வழியும் உண்டு. நெஞ்சு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை ஆகியவற்றை “வாயு” என்று எண்ணி இஞ்சிச் சாறோடு இரவைக் கழிக்காதீர்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்பு அறிகுறி உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய முதல் மருந்துகள் வழங்கப்பட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். ஓடும்போதோ உழைக்கும்போதோ மயங்கி விழுந்தவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்தவர்களும் ஒரு முறையேனும் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை நோயாளியைப் பார்க்க வரும்போது, மார்பு அழுத்தும் முறையைக் காட்டித் தருமாறு அவசரப் பிரிவுச் செவிலியரிடம் கேளுங்கள். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். வீட்டில் ஒருவருக்கேனும் அது தெரிந்திருந்தால், பாலைத் தேடும் நேரத்தில் அவர் முழந்தாளிட்டு அமர்ந்துவிடுவார்.

நினைவில் வைக்க

• திடீரென விழுந்து, நினைவும் சீரான மூச்சும் இல்லையெனில் இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள்.
• 108-ஐ அழையுங்கள். பேசியை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.
• தரையில் கிடத்தி, மார்பின் நடுவில், நொடிக்கு இரண்டு என்ற அளவில் ஆழமாக அழுத்துங்கள்.
• இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.
• வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; கையில் இரும்பைக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.
• மாத்திரைச் சீட்டு, பழைய இ.சி.ஜி., விழுந்த நேரம் ஆகிய மூன்றையும் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.